நீல டிரம்மில் என் கணவர்

பதினெட்டு வருடம் துபாயில் லாரி ஓட்டிவிட்டு என் கணவர் அதிராம்பட்டினத்துக்கே திரும்பிவிட்டார். முதல் இரண்டு மாதம் வீடு விருந்து வீடு மாதிரி இருந்தது. அப்புறம் பகல் முழுக்க நாற்காலியில் சரிந்து கிடப்பார். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல." எத்தனை நாள்தான் கேட்டுக்கொண்டிருப்பது?

இந்த லட்சணத்தில் செல்போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டார். ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்தால் சோர்வு போய் மனசு தெளியுமாம். மறுநாள் காலையிலேயே படகுத்துறையிலிருந்து ஒரு ஐஸ் பாளம் வந்து இறங்கியது. நான் குடிதண்ணீர் பிடித்து வைத்திருந்த நீல டிரம்மில் அதை உடைத்துப் போட்டார். கொல்லை முழுக்க மீன் வாடை.

"ஏங்க, பிரஷர் மாத்திரை சாப்பிடுறவரு நீங்க. டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

"நீ சும்மா இரு. ஊரு உலகமே செய்யுது."

கழுத்து வரை ஒரேயடியாக இறங்கினார். இறங்கியதும் மூச்சு திணறியது. வாய் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. டிரம்மின் விளிம்பைப் பிடிக்கக்கூட கை ஒத்துழைக்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மீன்காரம்மா ஓடி வந்தார். ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி வெளியே போட்டோம்.

"மீனு கெடாம இருக்க ஐஸ்ல போடுவோம். உங்களுக்கு என்னண்ணே வந்துச்சு?" என்றார் அந்தம்மா. நடுங்கிக்கொண்டிருந்தவரால் முறைக்கக்கூட முடியவில்லை.

டாக்டர் என்னைவிட அதிகமாகத் திட்டினார். "மொதல்ல பிரஷர் கட்டுக்குள்ள வரட்டும். அப்புறமும் ஐஸ் வேணாம், தொட்டித் தண்ணி போதும். காலை நனைச்சு, மெதுவா, ஒரு நிமிஷம். மூச்சு சீராகலன்னா உடனே வெளிய வந்துடணும். தனியா மட்டும் செய்யாதீங்க."

அந்தக் கடைசி வார்த்தை என் தலையில் விழுந்தது. இரண்டு மாதம் கழித்து அனுமதி கிடைத்ததும், தினமும் காலையில் கடிகாரத்தோடு தொட்டிக்குப் பக்கத்தில் நான் காவல். அடுப்பில் பால் பொங்கி வழியும்.

ஒருநாள் துவட்டிக்கொண்டே தானாகப் பேசினார். "அங்க நாலு மணிக்கு அலாரம் அடிச்சா, போக ஒரு லோடு இருக்கும். இங்க எதுக்கு எந்திரிக்கணும்னே தெரியலடி."

எனக்குக் கண் கலங்கியது. கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

"இத நாற்காலியில உக்காந்தே சொல்லியிருக்கலாம்ல? சாகப் பாத்தீங்களே!"

"சொல்ல வரலையே" என்றார்.

அன்று ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். தண்ணீரால்தான் தேறினாரா, பேசியதாலா, எனக்குத் தெரியாது. ஆனால் மனிதர் இப்போது படு சுறுசுறுப்பு. நேற்று என் சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். உப்பு எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.