டீச்சருக்கு ஒரு இடக்கைக் கிதார்

கிதார் செய்வது பொறுமையான தொழில் என்று சொல்கிறவன் ஒருநாளும் மரத்தை வளைத்துப் பார்த்திருக்க மாட்டான். வீட்டுக்குள்ளேயே பட்டறை போட்டு, குடும்பத்தின் வாயில் விழுந்து எழும் சக பாவிகளே, கேளுங்கள். பகலில் எனக்குக் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. மில்லர்புரம் வீட்டில் கார் நிற்கவேண்டிய இடத்தில் மாலையானால் ரம்பம்.

எதிர்வீட்டு நிபுணர்

கிதாரின் முகப்புப் பலகையில் வட்டமாக ஓட்டை போட்டு, காற்றாடட்டும் என்று கேட்டருகே சாய்த்து வைத்திருந்தேன். எதிர்வீட்டு உப்பு வியாபாரி வந்தார். குனிந்தார், தடவினார், ஓட்டையைச் சாண் வைத்து அளந்தார். முகத்தில் பெரிய கவலை.

“நல்ல வழுவழுன்னுதான் இருக்கு. ஆனா உக்காருததுக்கு ஓட்டை ரொம்பச் சின்னதால்லா இருக்கு, அண்ணாச்சி?”

ஆர்டர்

ரோஸ்லின் டீச்சர் கடற்கரைப் பக்கத்து மாதா கோயிலில் இருபது வருஷமாகப் பாடகர் குழுவுக்குக் கிதார் வாசித்தவர். பள்ளிக்கூட இரும்புக் கேட்டில் சிக்கி இடது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. கம்பியை அழுத்துகிற கை அது. “இனி வலது கையால அழுத்தி, இடது கையால வாசிக்கப் போறேன். அதுக்கு ஒண்ணு செஞ்சு தாங்க” என்றார்.

கம்பியை மட்டும் மாற்றிப் போட்டால் சுதி சேராது. முகப்புப் பலகையைத் தாங்க உள்ளே ஒட்டும் தாங்குகட்டைகள்கூட எதிர்ப்பக்கமாகத் திரும்ப வேண்டும். நான் அதுவரை செய்தது இரண்டே கிதார், இரண்டும் வலக்கை. மறைக்காமல் சொன்னேன். டீச்சர் அசரவில்லை.

“எனக்கும் இது புதுசுதான். ரெண்டு பேருமாச் சேந்து தப்புப் பண்ணுவோம்.”

வளைவு

பக்கப் பலகையை ஊறவைத்து, நன்றாகச் சூடேறிய இரும்புக் குழாயில் அழுத்தி இடுப்பு வளைவு எடுக்கவேண்டும். முதல் ஈட்டிமரப் பலகை படாரென்று உடைந்தது. இரண்டாவது, உடையமாட்டேன் என்று நம்பவைத்து உடைந்தது. மூன்றாவது ஒருவழியாக வளைந்தபோது நான் போட்ட சத்தத்தில் என் மனைவி ஜெபா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். வளைந்த பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“சூடும் தண்ணியும் போதும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, ஒங்கள எப்பவோ வளைச்சிருப்பேன்.”

உள்ளே ஒரு பொய்

பெட்டியை ஒட்டி மூடியாயிற்று. சும்மா ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். தாங்குகட்டைகளைப் பழக்கதோஷத்தில் வலக்கைக்காரர்களுக்கு ஒட்டுகிற மாதிரியே ஒட்டியிருந்தேன். வெளியே யாருக்கும் தெரியாது. அரைமணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து, அப்படியே விட்டுவிடலாமா என்று யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு டீச்சருக்குப் போன் போட்டேன். முதுகுப் பலகையைச் சுடுகத்தியால் பிரிக்கணும், மூணு வாரம் தள்ளும் என்றேன். மறுமுனையில் ஒரே சிரிப்பு.

“எங்க கோயில்ல சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ண வாரவுகளே இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிடுததில்ல, அண்ணாச்சி!”

ஞாயிறு பூசை

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை; பசை பிடிக்குமா என்பதே நினைப்பு. முதல் பாட்டில் டீச்சர் நன்றாகத் தொடங்கி, நடுவில் விரல் தடுமாறி நின்றுவிட்டார். குழு நிற்கவில்லை. கிதார் இல்லாமலே பாடியது. டீச்சர் தலையைக் குனிந்தபடி இருந்தார். எழுந்து போய்விடுவாரோ என்று எனக்குப் பதைத்தது. மூன்றாம் சரணத்தில் மறுபடி கம்பி பேசியது, முடிவுவரை விடவில்லை. என் கண் ஏன் கலங்கியது என்று கேட்காதீர்கள், மரத்தூள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூசை முடிந்ததும் நேராக என்னிடம் வந்து, கம்பி அறுத்துச் சிவந்த வலதுகை விரல்களை நீட்டினார்.

“அந்தக் கைய இரும்புக் கேட்டு கெடுத்துச்சு, இந்தக் கைய நீங்க கெடுத்துட்டிய. நல்லாச் செஞ்சிருக்கிய!”

மூன்று கிதார் செய்து முடித்த எனக்கு இன்றுவரை ஒரு பாட்டுகூட வாசிக்க வராது என்பதை மட்டும், தொழில் நலன் கருதி, யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.