ஐந்து முறை ஆமாங்க

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குக் குற்றமும் நீதியும் பற்றி ஒரு பாடம் வந்தது. போலீசின் வேலை என்ன, அரசுத் தரப்பு வக்கீலின் வேலை என்ன, ஜட்ஜ் எந்தப் பக்கமும் சாயாமல் எப்படி உட்கார வேண்டும் என்றெல்லாம் அதில் தெலுங்கில் எழுதியிருந்தது. வீட்டில் எங்களுக்குத் தமிழ், பள்ளியில் தெலுங்கு. அப்போது ரேணிகுண்டாவில் குடியிருந்தோம். மற்ற பாடங்களைத் தெலுங்கில் படித்துத் தமிழில் நினைவு வைத்துக்கொள்வேன். இந்தப் பாடத்தை மட்டும் இரண்டு மொழியிலும் மனப்பாடம் செய்தேன். என் நைனா ஒரு கோர்ட்டில் அட்டெண்டர் என்பதுதான் காரணம்.

எந்த ஊர்க் கோர்ட் என்று எழுதக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. நைனா ரிட்டையர் ஆகி வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் காலத்திலும் அந்த உத்தரவு அமலில் இருக்கிறது. ஆகவே, பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும் ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பாடம் நடத்திய சோஷியல் மேடம், இரண்டாம் நாளே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வகுப்பைக் கோர்ட்டாக மாற்றிவிட்டார். சைக்கிள் திருட்டுக் கேஸ். எனக்கு ஜட்ஜ் ஆக வேண்டும் என்று ஆசை. அந்தப் பதவி வகுப்பு லீடருக்குப் போனது, அவளிடம் கறுப்புத் துப்பட்டா இருந்தது. சாட்சிகளுக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைக்கும் வேலை எனக்கு வந்தது. உண்மையைச் சொல்வேன், முழு உண்மையையும் சொல்வேன், உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன். இந்த மூன்று வரியையும் நான் சொல்லச் சொல்ல, எதிரே நிற்கிறவர்கள் கையை நீட்டிக்கொண்டு திருப்பிச் சொல்ல வேண்டும். வகுப்பில் எனக்கு அடங்காதவர்கள்கூட அந்த அரை நிமிஷம் அடங்கி நின்றார்கள். ஜட்ஜைவிட இதுவே பெரிய பதவி என்று சீக்கிரமே முடிவு செய்துகொண்டேன்.

வீட்டிலும் அது தொடர்ந்தது. முறுக்கு டப்பாவைத் திறந்தது யார் என்று விசாரிக்கத் தம்பியை சோஷியல் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னேன். அம்மாவுக்கு எரிச்சல். "இன்னாடி இது, ஊட்டயே ஸ்டேஷன் ஆக்கிக்கினு" என்றாள். நைனா மட்டும் ரசித்தார். தினமும் நிஜமான பிரமாணங்களைக் கேட்டுவிட்டு வந்த மனிதர், என் புத்தகத்தின் மேலும் கை வைத்து, குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று சத்தியம் செய்தார்.

பாடம் முடியும் தறுவாயில், எங்களில் பத்துப் பன்னிரண்டு பேரை நிஜக் கோர்ட்டுக்கு அழைத்துப்போக சோஷியல் மேடம் அனுமதி வாங்கினார். நைனா வேலை பார்க்கும் அதே கோர்ட். முதல் நாள் சாயங்காலம் நைனா தன் வெள்ளை யூனிபாரத்தை இரண்டு தரம் இஸ்திரி போட்டார். என் பாவாடையையும் அவரே தேய்த்துக் கொடுத்தார்.

கோர்ட் ஹாலில் எங்களைக் கடைசி பெஞ்சுகளில் உட்கார வைத்தார்கள். ஜட்ஜ் ஒரு பெண். மூக்குக்கண்ணாடி போட்டு, எங்கள் கணக்கு டீச்சரைப் போலவே களைத்துத் தெரிந்தார். வாசலில் நின்று நைனா ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிட்டார். வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் இருந்தவளின் தொடையைக் கிள்ளி, அவர் யார் என்று சொன்னேன்.

நான்காவதோ ஐந்தாவதோ வந்தது ஒரு செம்மரக் கேஸ். தமிழ்நாட்டு மலைப்பக்கத்திலிருந்து மரம் வெட்ட வந்த கூட்டத்தில் மற்றவர்கள் ஓடிவிட, ஒருவர் மட்டும் அகப்பட்டிருந்தார். ஓட முடியாமல் போனதற்குக் காரணம் அவர் நடந்து வந்தபோதே தெரிந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தார். நைனாவின் வயதுதான் இருக்கும். சட்டை அவருடையது இல்லை போலத் தோளில் தொங்கியது. கூண்டில் ஏறியதும் ஜட்ஜைக் கும்பிட்டார், பிறகு டைப் அடிக்கிறவரைக் கும்பிட்டார், பிறகு எங்களையும் சேர்த்துக் கும்பிட்டார்.

அவருக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஹாலில் அன்றைக்குத் தமிழ் தெரிந்த வக்கீல் யாரும் இல்லை. ஜட்ஜ், நைனாவைக் கூப்பிட்டார். நைனா குடிபாலாவில் பிறந்தவர். அங்கே ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் வேலூர் ஜில்லா வந்துவிடும். இப்படிப்பட்ட நாட்களில் அவரைத்தான் மொழிபெயர்க்க நிறுத்துவார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, கேட்பதை உள்ளபடி மாற்றிச் சொல்வேன் என்று பிரமாணம் எடுத்துக்கொண்டார். என் உதடுகளும் கூடவே அசைந்தன.

பெயரைச் சொல்லி, அது நீதானா என்று ஜட்ஜ் கேட்டார். நைனா தமிழில் கேட்டார். அந்த ஆள், "ஆமாங்க" என்றார். ஊர்ப் பெயரைச் சொல்லி, அந்த ஊரா என்று கேட்டார். "ஆமாங்க." உனக்குக் கொடுத்த காகிதங்களைப் படித்துப் பார்த்தாயா என்று கேட்டார். "ஆமாங்க." சற்று முன்புதான் அந்த ஆள் ஒரு காகிதத்தில் கட்டைவிரலை உருட்டிவிட்டு, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். உனக்கு வக்கீல் இருக்கிறாரா என்று கேட்டார். "ஆமாங்க." ஜட்ஜ் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். கடைசியாக, மரம் வெட்டிய குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று ஜட்ஜ் கேட்டார். நைனா அதையும் தமிழில் கேட்டார். அந்த ஆள் கும்பிட்ட கையை இறக்காமல் அதே குரலில் சொன்னார்: "ஆமாங்க."

நைனா உடனே திரும்பவில்லை. அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜட்ஜ் பக்கம் திரும்பி, "லேதண்டுன்னாடு மேடம்" என்றார். இல்லை என்கிறான், என்று அர்த்தம்.

ஜட்ஜ் எழுதிக்கொண்டார். அடுத்த தேதி சொன்னார்கள். அந்த ஆளைக் கீழே இறக்கினார்கள். கோர்ட் அடுத்த கேசுக்குப் போய்விட்டது, நான் போகவில்லை. கடைசி பெஞ்சில் எங்கள் வகுப்பு மொத்தத்திலும் தமிழ் தெரிந்தது நான் ஒருத்திதான். பக்கத்தில் இருந்தவள் என் தொடையைத் திருப்பிக் கிள்ளி, உன் நைனா எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்றாள்.

மத்தியானம் ஜட்ஜ் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டு பிஸ்கட் கொடுத்தார். ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதி மேடத்திடம் கொடுங்கள், நான் படிப்பேன் என்றார். அழகாக எழுத வேண்டாம், பார்த்ததையும் கேட்டதையும் எழுதினால் போதும் என்றார்.

நான் எழுதினேன். ஐந்து கேள்விகளையும் நம்பர் போட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பதிலை எழுதினேன். ஐந்தாவது பதிலுக்குக் கீழே, "மொழிபெயர்ப்பாளர் இதை இல்லை என்று சொன்னார், அது தவறு" என்று எழுதினேன். நைனா என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தாளைக் கொடுத்த மறுநாள் சோஷியல் மேடம் என்னை ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொன்னார். மொழிபெயர்த்தது உன் அப்பாதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். இதை அனுப்பட்டுமா, இல்லை வேறு எழுதிக் கொடுக்கிறாயா என்றார். உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று எத்தனை பேரைச் சொல்ல வைத்திருக்கிறேன். அனுப்புங்கள் மேடம் என்றேன். அவர் தாளை மற்றவற்றோடு சேர்த்துக் கவரில் போட்டார்.

கோர்ட்டுக்குப் போய் வந்த நாளிலிருந்து நைனாவோடு நான் பேசவில்லை. கவர் போன அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அவரே கேட்டார். "இன்னாம்மா, மூணு நாளா மூஞ்சியே காட்ட மாட்டேங்கிற?"

"நீ கோர்ட்ல பொய் சொன்ன நைனா. அந்த ஆளு ஆமாங்கன்னாரு, நீ லேதுன்ன. நான் எழுதிக் குடுத்துட்டேன். ஜட்ஜ் மேடத்துக்குப் போவுது."

கரண்டியோடு நின்றிருந்த அம்மா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். "எழுதிக் குடுத்தியா? யார் சம்பாரிச்ச சோத்த துன்னுக்கினு யார் மேல எழுதிக் குடுக்கிற நீ?"

நைனா அவளைப் பார்த்து, இரு என்பதுபோலக் கையைக் காட்டினார். பிறகு என்னிடம், "எத்தினி கேள்விக்கு ஆமாங்கன்னான்?" என்று கேட்டார்.

"அஞ்சு."

"அஞ்சயும் எழுதினியா?"

"வரிசையா எழுதினேன்."

"வக்கீல் இருக்காரான்னு கேட்டதயும்?"

"அதயும்தான்."

"சரி" என்றார். கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.

சரி என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அழுதிருந்தால் எல்லாம் முடிந்து போயிருக்கும். அம்மா விடவில்லை. மறுநாள் காலையிலும், பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தாளைத் திருப்பி வாங்கி வாருங்கள் என்று நைனாவிடம் மன்றாடினாள். அவர் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே, "புள்ள கேட்டத எழுதியிருக்கா. அத எப்டி போய்த் திருப்பிக் கேக்கறது?" என்றார். அந்த ஆள் நிஜமாகவே மரம் வெட்டினானா என்று அம்மா கேட்டாள். "எனக்கு எப்டித் தெரியும்? அவன் பேர மாத்திக் கேட்டிருந்தாலும் ஆமாங்கன்னுதான் சொல்லியிருப்பான்" என்றார். குற்றம் செய்த ஒவ்வொருவரிடமும் ஒரு சாக்கு இருக்கும் என்று எங்கள் பாடத்தில் இல்லை. ஆனாலும் நைனா பேசியதைக் கேட்டபோது, அதைப் பாடத்தில் படித்தது மாதிரியே எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு ஒரு வாரம், நைனா எந்த பஸ்ஸில் வருகிறார் என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யூனிபாரம் இல்லாமல் வருவாரோ என்று பயம். தினமும் அதே பஸ்ஸில், அதே யூனிபாரத்தில் வந்தார்.

பிறகு ஜட்ஜிடமிருந்து சோஷியல் மேடத்துக்குக் கடிதம் வந்தது. வகுப்பில் படித்துக் காட்டினார். எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் இருந்தது. கூண்டில் நின்றவர் சொன்ன பதில்களை ஒரு மாணவி ஒன்று விடாமல் வரிசையாக எழுதியிருக்கிறாள், அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை படித்தேன் என்று முடிவில் இருந்தது. பெயர் சொல்லவில்லை. வகுப்பு கை தட்டியபோது நானும் தட்டினேன்.

அடுத்த தேதியில் நடந்ததை நைனா அம்மாவிடம் சொன்னதுதான் எனக்குத் தெரியும். சித்தூரிலிருந்து தமிழ் தெரிந்த வக்கீல் ஒருவரை, அந்த ஆளுக்காகக் கோர்ட்டே ஏற்பாடு செய்திருந்தது. வக்கீல் அவரை வராந்தாவில் பெஞ்சில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். "ஒரு மணி நேரம் பேசினாம்மே அந்த ஆளு. கட்டட வேலைன்னு சொல்லி இட்டுக்கினு வந்தாங்களாம். அன்னிக்கு ஒரே வார்த்தையத் தவிர வாயே தொறக்காதவன்" என்று நைனா சொன்னார். மறுபடியும் குற்றத்தைப் பற்றிக் கேட்டபோது அவர், இல்லைங்க, நான் வெட்டவில்லை என்று சொன்னாராம். கேஸ் நடந்தது. பல மாதம் கழித்து அவர் விடுதலையாகி ஊருக்குப் போய்ச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டோம். அதற்குள் எனக்குப் பரீட்சை வந்துவிட்டது.

ஒரே ஒரு மாற்றம் நடந்தது. இனிமேல் அட்டெண்டர்கள் மொழிபெயர்க்கக் கூடாது, அதற்கென்று ஆள் வர வேண்டும் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். அதன்பிறகு நைனா வாசலில் நின்று பெயர் கூப்பிடுவதோடு சரி.

அதைத் தண்டனை என்றுதான் நான் புரிந்துகொண்டேன். பிரமாணம் எடுத்து மீறியவருக்கு, சின்னதாக ஒரு தண்டனை. வாங்கிக் கொடுத்தவள் நான். நியாயம் நடந்துவிட்டது என்று ஒரு பக்கம் நிமிர்ந்து நடந்தேன், இன்னொரு பக்கம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பரிகாரமாக, அவர் வந்ததும் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன், கேட்காமலே சோறு போட்டேன், தம்பியை விசாரிப்பதை நிறுத்தினேன். அவர் எதையும் கேட்கவில்லை. கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், இரண்டாம் தரம் சோறு கேட்டார், பழைய மெட்டு ஒன்றை மூக்கால் முனகிக்கொண்டே தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

தண்டனை வாங்கிய மனிதர் எப்படி இவ்வளவு நிம்மதியாகச் சாப்பிடுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அது மட்டும் எனக்கு விளங்கவில்லை.