காணாமல் போன இரண்டாவது டிஸ்க்

போன ஞாயிற்றுக்கிழமை என் கம்ப்யூட்டரில் லினக்ஸை அப்கிரேட் செய்தேன். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தனியாக இருக்கிறவனுக்கு ஞாயிறு ரொம்ப நீளம்...

எல்லாம் முடிந்து மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தபோது, இரண்டாவது ஹார்டு டிஸ்க்கைக் காணோம். மவுன்ட் செய்ய முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்வளவுதான்.

அதில் என்ன இருந்தது? என் பழைய கட்டுரைகள் — போனால் போகட்டும். ஜெயாவின் வீடியோ ஒன்றும் இருந்தது. ஜெயா என் மனைவி. இறந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. அவள் குரல் மிச்சமிருப்பது அந்த வீடியோவில் மட்டும்தான். காப்பி எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இரணியலிலிருந்து பஸ் பிடித்து, வடசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

"லினக்ஸா? நமக்குப் பழக்கமில்ல சார். ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தாறேன்" என்றார் கடைக்காரர்.

ஃபார்மட் செய்தால் எல்லாமே அழிந்துவிடும். சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

இணையத்தில் லினக்ஸ்காரர்களின் மடற்குழு ஒன்றில், போன் நம்பரோடு டிஸ்க் காணாமல் போனதை மட்டும் எழுதிப் போட்டேன். புதன் மத்தியானம் கத்தாரிலிருந்து ஒரு போன். பெயர் சேவியராம். சொந்த ஊர் குளச்சல். கத்தாரில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முன்பின் தெரியாத பையன்.

"பயப்படாண்டாம் சார். டிஸ்க் எங்கயும் போகல்ல. பழைய லினக்ஸ் அதுக்கு ஹெச்.டி.பி.ன்னு பேரு வச்சிருந்து. புதுசு எஸ்.டி.பி.ங்குது. உங்க செட்டிங்ஸ் ஃபைல்ல பழைய பேருதான் கெடக்கு. அந்தப் பேரச் சொல்லித் தேடுனா எப்படிக் கிடைக்கும்?"

"அப்ப அதுக்குள்ள உள்ளதெல்லாம்?"

"அப்படியே இருக்கும் சார்."

அவன் சொல்லச் சொல்ல டைப் செய்தேன். ஓர் எழுத்தை மாற்றினோம் — ஒரே ஓர் எழுத்து. டிஸ்க் வந்துவிட்டது.

போனை வைக்கக்கூடத் தோன்றாமல் வீடியோவைத் திறந்தேன். சமையலறையில் ஜெயா சாளை மீன் கழுவிக்கொண்டிருக்கிறாள். கேமராவைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல்.

"உங்களுக்கு வேற சோலியே இல்லியா? அந்தால போங்க."

போனில் சேவியர் சிரித்தான். "அக்கா சத்தம் போடுதாவ. நான் வேற உங்கள இவ்வளவு நேரம் பிடிச்சு வச்சிட்டேன். கோவப்படாண்டாம்னு சொல்லுங்க சார்."

"சரி தம்பி, சொல்லுதேன்" என்றேன்.

வேறென்ன சொல்ல?