ஹந்தானை லிங்க்கில் மூனாவது ரேடியோ

இது நடந்தது. என் கண்ணால பார்த்தேன், என் காதால கேட்டேன். பேயாவது பிசாசாவதுன்னு சிரிக்கிறவங்க தாராளமா சிரிங்க, நானும் அந்தக் கட்சியில இருந்தவதான். எதையும் சந்தேகப்படுறது என் சுபாவம். கேஸ் அடைச்சாச்சுன்னு அம்மா சொன்னாலும் நானே போய் ஒரு தரம் திருகிப் பார்ப்பேன்.

என் பேர் அனுஷியா. கண்டியில ஒரு சின்ன கம்பெனியில வேலை. கேபிள் இழுக்க முடியாத இடங்களுக்கு ரேடியோ வழியா நெட்வொர்க் குடுக்கிறது எங்க தொழில். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பம், கம்பத்து உச்சியில ஒரு டிஷ், அதோட ஒரு ரேடியோ, ரெண்டு டிஷ்ஷும் நேருக்கு நேர் பார்க்கணும். அவ்வளவுதான். பிளான் போடுறது நான். கம்பத்துல ஏறுறது பஹீம், கெலிஓயாக்காரன்.

ஹந்தானையில ஒரு தேயிலை ஃபேக்டரி, டவுன்ல அவங்க ஆபீஸ். நடுவுல நாலு கிலோமீட்டர் பள்ளம். ரெண்டையும் இணைக்கிற லிங்க், நான் வேலைக்குச் சேர முந்தியே போட்டது. ஆறு மாசமா ஒரே தலைவலி. சாயங்காலம் ஆறு மணியானா விழுந்துரும், பத்து நிமிஷத்துல தானா எழும்பும். கரண்ட் கட் இல்ல, மழை இல்ல, மரம் எதுவும் மறைக்கல.

குடைஞ்சு பார்த்ததுலதான் தெரிஞ்சுது. லிங்க்ல சேர்ந்திருக்கிற ரேடியோக்களைக் காட்டுற லிஸ்ட்ல ரெண்டே ரெண்டுதான் இருக்கணும், அந்த நேரத்துல மட்டும் மூனாவதா ஒன்னு வந்து ஒட்டுது. பேர் டெஸ்ட்-2. அதுக்கு அனுமதி குடுத்திருந்தது பஹீமோட பாஸ்வேர்ட்!

எங்க முதலாளி தேவராசா ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கேட்டதும் கொதிச்சுட்டார். "ஓம், விளங்குது. லைனைக் களவா ஆருக்கோ விக்கிறான். வெள்ளிக்கிழமைக்குள்ள கையும் மெய்யுமாப் பிடிச்சுத் தாரும் பிள்ளை. அண்டைக்கே அவனை வேலையால நிப்பாட்டுறன்."

பஹீமோட பொஞ்சாதிக்கு அப்ப எட்டு மாசம். கள்ளன்னு பேர் வாங்கிட்டு வெளிய போனா, கண்டியில எந்தக் கம்பெனியும் அவனை வாசல்லகூட நிக்க விடாது. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா பாஸ்வேர்ட் அவனோடதாச்சே! கூடவே சாப்பிட்டு, கூடவே சிரிச்சு, இப்படியா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு.

வியாழக்கிழமை, அவன்கிட்ட மூச்சு விடாம ஹந்தானைக்கு ஏறினேன். ஃபேக்டரிக்குப் பின்னால மேட்டுல எங்க கம்பம், அம்பது அடி. அதுக்கு அடியில சின்னதா ஒரு தகரக் கொட்டில். உள்ள உட்கார்ந்து லாப்டாப்பை விரிச்சேன். வெளிய பனி இறங்க ஆரம்பிச்சிருந்துச்சு.

5.52. டெஸ்ட்-2 வந்துச்சு.

ரேடியோவுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கு. தன்னோட பேசுற இன்னொரு ரேடியோ எத்தனை மீட்டர் தள்ளி இருக்குன்னு அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும். 1140 மீட்டர்னு காட்டுச்சு. பைனாகுலர்ல அந்தப் பக்கம் தேடினேன். ஒரு கூரை இல்ல, ஒரு வயர் இல்ல. சரிவு முழுக்க மானாப்புல்லு.

புல்லுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டிருக்கியா, இருடா மவனேன்னு அதோட அனுமதியை அடைச்சேன்.

5.55. திரும்ப வந்துச்சு. அடைச்ச ரேடியோ லிஸ்ட்லயே வரக் கூடாது. இப்ப 860 மீட்டர்.

இன்னொரு தரம் அடைச்சேன்.

5.57. 410 மீட்டர்.

மோட்டார் பைக்கே ஏறாத சரிவு அது. ரெண்டு நிமிஷத்துல எப்படி?

போன் அடிச்சுது. பஹீம்.

"மிஸ், ஹந்தானையிலயா இரிக்கிறீங்க?"

"உனக்கு யார் சொன்னா?"

"லிஸ்ட்ட என் போன்ல பார்த்தேன். டெஸ்ட்-2வ அடைச்சது நீங்களா?"

"அடைச்சேன். ஏன், வயித்தைக் கலக்குதா?"

"அல்லாவே... தெறந்து விடுங்க மிஸ். அது அங்கயே இரிக்கட்டும். அடைச்சா கிட்ட வரும்."

நல்லா நடிக்கிறான்னு நெனச்சேன். போனைக் கட் பண்ணிட்டேன்.

180.

வெளிய ஏதோ சத்தம். இரும்புல இரும்பு பட்ட மாதிரி... டிங்.

60.

டிங்... டிங்... எனக்கு நல்லாத் தெரிஞ்ச சத்தம். கம்பத்துல ஏறுறவங்க இடுப்புப் பெல்ட்டோட கொக்கி, படியில அடிக்கிற சத்தம்.

ஒரு கையில லாப்டாப், ஒரு கையில டார்ச்சோட வெளிய வந்தேன். பனிக்குள்ள கம்பத்தோட கீழ்ப் பாதிதான் தெரிஞ்சுது. யாரும் இல்ல. ஆனா கம்பம் ஆடுச்சு... ஆள் ஏறினா ஆடுமே, அப்படி.

15.

டிங்... டிங்...

6.

தலைக்கு மேல...

0.

நின்னுச்சு.

அப்புறம்... கிறீச்... கிறீச்... ஸ்பேனர் திருகுற சத்தம்.

முருகா!

அனுமதியைத் திறந்தேன். 

சத்தம் நின்னுச்சு. மணி 6.04. வழக்கமா லிங்க் விழுற நேரம். விழல. சிக்னல் ஏறுச்சு. கணக்குப்படி வரணும்னு நான் எழுதி வச்சிருந்த முழு அளவுக்கு ஏறுச்சு. அந்த லிங்க் ஒரு நாளும் அதைத் தொட்டதில்ல. நான் அதை ரசிச்சுக்கிட்டு நிக்கல. ஒரு செருப்பை அங்கேயே விட்டுட்டு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை காலையில கெலிஓயாவுல ஒரு தேத்தண்ணிக் கடையில பஹீமைப் பிடிச்சேன். அவன் முகம் செத்திருந்துச்சு.

"சுதேஷ்னு ஒருத்தன் இருந்தான் மிஸ், டெஸ்ட்-2 அவன்ட ரேடியோ. நீங்க வர முந்தி அவன்தான் என்னோட ஜோடி. ஹந்தானைத் தோட்டத்து லயத்து வீட்டுப் பொடியன். அந்த டிஷ்ஷத் திருப்புறப்ப நான் டவுன் கூரையில, அவன் ஹந்தானைக் கம்பத்து உச்சியில. போன்ல பேசிப் பேசித் திருப்பினோம். இன்னும் கொஞ்சம் இடது பக்கம் சாயுடான்னு நான்தான் சொன்னேன். அதோட விழுந்துட்டான், சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அதுக்குப் பொறகு ஒருத்தரும் அந்த டிஷ்ஷ சரி பண்ணல்ல. நின்ன மாதிரியே இறுக்கிட்டு வந்துட்டாங்க."

"அந்த 1140 மீட்டர்?"

"அந்தப் புல்லுக்குள்ளதான் தோட்டத்து மயானம். அவன்ட சாமான் எல்லாத்தையும் கூடவே வைக்கச் சொல்லி அவன்ட அம்மா அழுதாங்க. ரேடியோவச் சவப்பெட்டிக்குள்ள வச்சது நான். ஆறு மாசத்துக்கு முந்தி அது லிஸ்ட்ல வந்திச்சு. அடைச்சுப் பார்த்தேன், கிட்ட வந்திச்சு. பயந்து அனுமதி குடுத்தேன். அங்கயே நின்னுட்டான்."

ஆபீஸுக்குப் போனோம். கள்ளன் ஆரெண்டு தேவராசா ஐயா கேட்டார்.

"கள்ளனே இல்ல ஐயா. டிஷ் கோணம் பிசகியிருந்துச்சு. இப்ப சரியாயிருச்சு."

ஐயா கம்ப்யூட்டர்ல சிக்னலைப் பார்த்தார். முகம் மலர்ந்துச்சு. "அப்ப பஹீம் வேலையில நிக்கட்டும். நாளைக்கு ஹந்தானைக் கம்பத்தில ஏறி அந்த நட்டு எல்லாத்தையும் ஒருக்காப் பாக்கச் சொல்லும்."

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அவன் வேலை தப்பிச்சுது. ஆனா பஹீம் இடுப்புப் பெல்ட்டை எடுத்து ஐயா மேசையில வச்சான்.

"நான் வேலைய விடுறன் சேர்."

"உமக்கென்ன விசரே? குழந்தை பிறக்கப் போற நேரத்தில..."

அவன் வாசலைப் பார்த்து நடந்தான். வெளிய வந்ததும் வழியை மறிச்சேன். "ஏன்டா? உனக்காக நான் இவ்வளவு பேசி..."

"முந்தி அவன் கீழ மயானத்துல நின்னான் மிஸ். இப்ப நான் ஏற வேண்டிய கம்பத்துல நிக்கிறான்."

பைக்குள்ள கைய விட்டுக் கறுப்பா ஒன்னை எடுத்து என் உள்ளங்கையில வச்சான். டெஸ்ட் ரேடியோவுக்குப் போடுற பேட்டரி.

"இது சுதேஷ்ட. பெட்டிய மூட முந்தி நானே கழட்டினது."

அன்னைக்கே போயிட்டான். லிங்க் இன்னைக்கு வரைக்கும் ஒரு தரம்கூட விழல. பேட்டரி என் மேசை லாச்சியில கிடக்கு. ஹந்தானை லிஸ்ட்ல மூனு ரேடியோ இருக்கு. மூனாவது, 0 மீட்டர்.