ஒய்பி ஆர்டர் செய்த கோழி

பெரிய டெக்னாலஜி கம்பெனிகள் மேல் அரசாங்கம் வழக்குப் போடும். பிறகு இருவரும் கைகுலுக்கிச் சமரசம் செய்துகொள்வார்கள். இப்படிச் செய்தி வந்தால் நீங்கள் படிப்பீர்களா? நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். காதர் அண்ணன் மாட்டிக்கொள்ளும் வரை.

காதர் அண்ணன் பினாங்கு லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஆயர் ஈத்தாமில் இருக்கும் நான், அவர் கடை மீன் தலைக் கறியைப் போனிலேயே ஆர்டர் செய்துவிடுவேன். போன வருஷம் ஒருநாள் தேடினால்... கடையைக் காணோம்! பதறிப்போய் அழைத்தேன்.

"கடை இருக்குக்கா. கல்லாவுலதான் உக்காந்திருக்கேன். போன்லதான் செத்துட்டேன்" என்றார்.

நடந்தது இதுதான். ஊரே பயன்படுத்தும் பெரிய டெலிவரி ஆப் ஒன்றில் அவர் கடை இருந்தது. புதிதாக வந்த சின்ன ஆப் ஒன்றிலும் சேர்ந்தார். பெரிய கம்பெனிக்குக் கோபம். எங்களிடம் மட்டும் இரு என்றார்கள். இவர் முடியாது என்றார். அவ்வளவுதான் — தேடலில் கடை பாதாளத்துக்குப் போய்விட்டது. டெலிவரியை நம்பிச் சேர்த்த சமையல்காரரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதைச் சொல்லும்போது மட்டும் காதர் அண்ணன் சிரிக்கவில்லை.

"சும்மா விடக்கூடாதுலா" என்று, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசாங்க அலுவலகத்தில் புகார் கொடுத்தார். விசாரணை நடந்தது. நடந்தது... நடந்துகொண்டே இருந்தது. கடைசியில் சமரசம். கம்பெனி எந்தத் தவறும் செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால், இனிமேல் செய்யாதாம்.

செய்யாத தப்பை இனிமேல் எப்படிச் செய்யாமல் இருப்பது? எனக்குப் புரியவில்லை.

சமரசத்தைக் கொண்டாடக் காதர் அண்ணன் கடையிலேயே கம்பெனிக்காரர்கள் விழா வைத்தார்கள். அந்தத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் — இங்கே 'ஒய்பி' என்போம் — மாலையும் கழுத்துமாக வந்தார். "அவரு நடத்துற பந்து போட்டிக்குக் கோப்பை குடுக்குறதே இந்தக் கம்பெனிதான்" என்று பக்கத்தில் இருந்த லெட்சுமி அக்கா என் காதைக் கடித்தார். இரண்டு கடை தள்ளித் தோசைக் கடை நடத்துபவர் அவர்.

"சிறு வியாபாரிகளுக்கு நியாயம் கிடைச்சாச்சு! இப்பவே இங்கிருந்து ஆர்டர் பண்றேன், பாருங்க" என்று ஒய்பி போனை எடுத்தார். கைதட்டல். காதர் அண்ணன் கடைப் பெயரை அடித்தார். முதலில் வந்த படத்தைத் தட்டினார். எட்டிப் பார்த்த கம்பெனி அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஏசி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் ஹெல்மெட்டோடு ஒருவர் உள்ளே வந்தார். பையில் பொரித்த கோழி. ஜெலுத்தோங்கில் இருக்கும் வேறொரு கடையிலிருந்து! படத்தின் மூலையில் 'விளம்பரம்' என்று பொடி எழுத்தில் இருந்ததை ஒய்பி கவனிக்கவில்லை.

"சாப்பாட்டுக் கடைக்கே சாப்பாடா?" என்று டெலிவரிக்காரர் குழம்பி நின்றார்.

காதர் அண்ணன் சாந்தமாக ஒரு தட்டில் கோழியை வைத்துப் பரிமாறினார். "சாப்பிடுங்க ஒய்பி. நியாயம் சூடா இருக்கு."

ஒய்பி சாப்பிடவில்லை. அதிகாரியைக் கைகழுவும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். என்ன பேசினாரோ தெரியாது. மறுநாள் காலை தேடலில் காதர் அண்ணன் கடைதான் முதலிடம். 'மீன்' என்று அடித்தாலும் அவர். 'தோசை' என்று அடித்தாலும் அவர். சோதித்துப் பார்க்க 'கேக்' என்று அடித்தேன். அவரேதான்!

விசாரணையால் முடியாததைக் குழாயடிப் பேச்சு முடித்துவிட்டது.

பழைய சமையல்காரர் திரும்பி வந்தார். காதர் அண்ணன் முகத்தில் களை. அந்த வாரக் கடைசியில் நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தபோது லெட்சுமி அக்கா வந்து நின்றார்.

"அண்ணே, உங்கள மேல தூக்கிட்டு என்னைய எங்க போட்டாங்க? என் கடைப் பேர அடிச்சாலும் உங்க கடைதான் வருது."

காதர் அண்ணன் அடித்துப் பார்த்தார். உண்மைதான். சமையலறைப் பக்கம் திரும்பினார். உள்ளே, திரும்பி வந்த சமையல்காரர் வெங்காயம் நறுக்கும் சத்தம்.

"நான் நியாயம் கேட்டேன்கா. இவனுங்க சிபாரிசைக் குடுத்துட்டானுங்க" என்றார் என்னிடம்.

"நானும் ஒய்பியப் பாக்கட்டா?" என்றார் லெட்சுமி அக்கா.

"பாத்தா நீங்க மேல போவீங்க. வேற யாரோ கீழ போவாங்க. இருங்க."

புகார் கொடுத்த அலுவலகத்துக்கே போன் போட்டார், ஸ்பீக்கரில். அதிகாரி மலாயில் கேட்டார்: மறுபடியும் கடை காணாமல் போய்விட்டதா?

"இல்ல, இப்ப முதல் இடம்."

"சந்தோஷம். அப்ப என்ன புகார்?"

"அதான் புகார்."

மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறாராம்.

அதுவரை லெட்சுமி அக்கா பட்டினி கிடப்பதா? காதர் அண்ணன் ஒரு வழி செய்தார். தன் கடைக்கு வரும் தோசை ஆர்டரையெல்லாம் அவரிடமே கொடுத்துவிட்டார். இரண்டு கடையிலும் அடுப்பு எரிந்தது.

நேற்று அதே கம்பெனியின் ஆப்பில் ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது: 'இரு கடைகள் கூட்டுச் சேர்ந்து இயங்குவது நியாயமான போட்டிக்கு எதிரானது.'

ஆக, பினாங்கில் ஏகபோகத்தை ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள் — இரண்டு கடை, ஒரு தோசைக்கல்!