கார் போர்ச்சில் ஒருநாள் சாப்பாட்டுக் கடை

கணவர் இறந்து வருடம் திரும்புவதற்குள் எங்கள் ஸ்கூடாய் வீட்டுக் கார் போர்ச்சில் ஒருநாள் சாப்பாட்டுக் கடை போட்டேன். எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க அதே பேச்சு. கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கும் இரத்தம் சுத்தம் செய்து அனுப்பும் டயாலிசிஸ் மையம் ஒன்றில்தான் அவருடைய கடைசி வருடங்கள் போயின. அந்த மையத்துக்கு ஏதாவது செய்யாமல் என்னால் இருக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சமையல்தான்; விற்று வரும் பணத்தை அங்கே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

உலு திராமில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு, நான் அண்ணி என்று கூப்பிடுபவருக்கு, போன் போட்டுச் சொன்னேன்.

"செத்தவன் பேருல சோறு போடுவாங்க. நீ விக்கப் போறியா?" என்று கேட்டார்.

அண்ணியின் கோபம் அன்று தொடங்கியதல்ல. தம்பி நோயில் கிடந்தபோது ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறிக் குழம்பு கொண்டுவருவார். டாக்டர் சொன்னதைச் சொல்லி நான் திருப்பி அனுப்பிவிடுவேன். தம்பியின் வாயைக் கட்டியே அனுப்பிவிட்டேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கருமாதிக்குப் பிறகு என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கணவர் வழியில் எனக்கு மிச்சமிருந்த உறவு அண்ணி ஒருவர்தான். அவர் மறுபடி என் வீட்டில் கை நனைக்க வேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆசை.

"வாங்க அண்ணி, மொத இலை உங்க தம்பிக்குத்தான்" என்று கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை.

அன்று விடிந்ததும் அடுப்பு மூட்டினேன். சோறு, சாம்பார், கோழிப் பிரட்டல், கத்தரிக்காய்ச் சம்பால். படையலுக்குப் போகும் சாப்பாட்டை வாயில் வைக்கக் கூடாது என்பதால் எதையும் ருசி பார்க்கவில்லை. முதல் இலையை அவர் படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்ட பிறகே கேட்டைத் திறந்தேன்.

கூட்டம் வந்தது. வாடகை மேசைகள் நிரம்பின. அண்ணியும் வந்து, யாரையும் பார்க்காமல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நானே பரிமாறினேன். அவர் சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தபோது அப்பாடா என்றிருந்தது.

ஆனால் போர்ச்சில் சத்தமே இல்லை. எங்கள் ஆட்கள் கூடிச் சாப்பிட்டால் அதைக் கொண்டா இதைக் கொண்டா என்று அமர்க்களப்படும். இவர்களோ குனிந்த தலை நிமிரவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லா இருக்குக்கா" என்றார்கள். துக்க வீட்டுச் சோற்றில் குறை சொல்லாத மரியாதை நம்மவர்களுக்கு உண்டு. அந்த வழக்கம் தெரியாத பக்கத்து வீட்டுச் சீன அம்மாதான், விரல்களால் தூவிக் காட்டி, "காராம் அடா?" என்று மலாயில் மெல்லக் கேட்டார். அவருக்கு உப்பு வேண்டுமாம்.

உள்ளே ஓடிப்போய் ஒரு கரண்டி சாம்பாரை நாக்கில் விட்டேன். சப்பென்றிருந்தது. கோழியும் அப்படித்தான். உப்புப் போட மறக்கவில்லை. சிறுநீரகம் கெட்டவருக்குப் போடும் அளவில் போட்டிருந்தேன். வருடக்கணக்காக அப்படியே சமைத்த கை, அவர் போன பிறகும் மாறவில்லை. கூட்டத்துக்கு ஆக்கும்போதும் அதே கணக்கில்தான் அள்ளியிருக்கிறது. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு மேசை மேசையாக மன்னிப்புக் கேட்டேன். "அதனால என்னக்கா, பரவால்ல லா" என்று தூவிக்கொண்டார்கள். அண்ணியிடம் மட்டும் கடைசியாகப் போனேன்.

"மன்னிச்சிருங்க அண்ணி. அவருக்குப் போடுற மாதிரியே போட்டுட்டேன்."

அண்ணியின் கை இலையிலேயே நின்றது.

"இத்தன வருசமும் இதத்தான் தின்னானா?"

"ஆமா அண்ணி."

"நீ என்ன சாப்பிட்ட?"

"நானும் இதத்தான். அவர் முன்னால வேற எப்படி சாப்பிடுறது?"

நான் ஜாடியை நீட்டினேன். இடது கையால் அதை ஒதுக்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா" என்றார்.