வெள்ளிக்கிழமை ஐந்து மணி மெயில்

நான் வேலையை விட்டுப் போய்விட்டேன் என்ற செய்தி எங்கள் கம்பெனி முழுக்கப் பரவியபோது, நான் புதுக்கோட்டை தாண்டி ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். குடுமியான்மலையில் நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. முடித்துவிட்டு வேனில் அறந்தாங்கிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பைக்குள் போன் விடாமல் அதிர்ந்தது. எடுத்தால் ஜானகி. சென்னையில் இருந்தபடி என் டீமில் வேலை பார்க்கிற பெண். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள்.

"அக்கா, என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"என்னத்தச் சொல்லல?"

"உங்க ஃபேர்வெல் மெயில் வந்திருச்சுக்கா. எல்லாருக்கும் வந்திருச்சு."

டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டேன்.

மெயில் வந்த கதை

ஆஸ்பத்திரிகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் செய்து கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. அதில் நான் சப்போர்ட் டீம் லீட். கொரோனா காலத்தில் லேப்டாப்போடு அறந்தாங்கிக்கு வந்தவள், அப்படியே வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் சேகர் ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் வைத்திருக்கிறார். போட் கடலுக்குப் போனால்தான் ஐஸ் ஓடும். மீன்பிடித் தடைக்காலம், ஸ்டிரைக், கடலுக்குப் போனவர்களை இலங்கை நேவி பிடித்துவிட்டது என்ற செய்தி, எது வந்தாலும் பிளான்ட் படுத்துவிடும். ஆகவே வீட்டில் நிலையாக வருகிற பணம் என் சம்பளம்தான். மகள் திருச்சியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள்.

இந்த நேரம் பார்த்து ஆட்குறைப்பு தொடங்கியது. ஒரே நாளில் அனுப்பியிருந்தால் ஒரே நாளில் அழுது முடித்திருப்போம். இவர்கள் வாராவாரம் வெள்ளிக்கிழமை சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள். 'க்விக் கனெக்ட்' என்று பெயர் போட்டு எச்.ஆரிடமிருந்து மீட்டிங் இன்வைட் வரும். அந்த அம்மா சிரித்த முகமாகப் பேசி முடிப்பார். முடித்த கையோடு லேப்டாப்பும் போனில் இருக்கிற ஆபீஸ் மெயிலும் லாக் ஆகிவிடும். முதலில் போனவர்களால் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள முடியவில்லை.

இதற்கு வழி கண்டுபிடித்தவள் ஜானகிதான். நம் பக்கம் லாக் ஆனாலும் சர்வரில் மெயில் அக்கவுண்டை ராத்திரிதான் மூடுகிறார்கள். ஆகவே விடைபெறும் மெயிலை முன்கூட்டியே எழுதி, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் போகும்படி ஷெட்யூல் செய்துவிட வேண்டியது. நாலரை மணி வரை எச்.ஆர். கூப்பிடவில்லையா, அடுத்த வெள்ளிக்குத் தள்ளி வைத்துவிடலாம். டீமில் எல்லோரும் அப்படியே செய்தோம். மற்ற டீம்களுக்கும் இது பரவியது. வாராவாரம் தள்ளி வைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தியதில், என் மெயில் கல்யாணப் பத்திரிகை அளவுக்கு அழகாகிவிட்டது.

இதற்கிடையே புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி என்னை வேலைக்குக் கூப்பிட்டது. எங்கள் சாப்ட்வேரைத்தான் அங்கேயும் வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் பிரிவை முழுக்க நான் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளம் குறைவு, தினம் பஸ். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். கம்பெனியே அனுப்பினால் சில மாதச் சம்பளம் கையில் கிடைக்கும். நானாகப் போனால் அது கிடையாது. காத்திருந்தால் ஆஸ்பத்திரி வேலை கைநழுவும். எச்.ஆர். கூப்பிடாமலே போனால் அந்தப் பணமும் இல்லை, இந்த வேலையும் இல்லை. எந்தப் பக்கம் யோசித்தாலும் தலை வலித்தது.

காதுகுத்துக்காக அந்த வெள்ளி லீவு போட்டிருந்தேன். கிளம்புகிற அவசரத்தில் மெயிலைத் தள்ளி வைக்க மறந்துவிட்டேன். வழியில் நினைவு வந்தது. ஆனாலும் லேப்டாப்பை மூடி பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறோமே, எப்படிப் போகும் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். லேப்டாப் இல்லாமலே போகும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் சிறப்பே. இருபது வருஷம் கம்ப்யூட்டரில் குப்பை கொட்டியவள் நான்.

வேனுக்குள்

செய்தி தெரிந்ததும் வேனே துக்க வீடாகிவிட்டது. "செல்விக்கு வேல போயிருச்சாம்" என்று முன் சீட்டிலிருந்து பின் சீட்டுக்குப் போனது. இல்லை, மெயில்தான் தவறிப் போய்விட்டது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நாத்தனார் ஒரு லட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்து, "மொதல்ல தின்னுங்க மதினி, வேல போனாப் போகுது" என்றாள்.

நான் பதில்களைப் படித்தபடி தின்றேன். முகம் பார்க்காதவர்கள்கூட உருக்கமாக எழுதியிருந்தார்கள். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் பில்லிங் கவுண்டரிலிருந்து போன் செய்தே கேட்டுவிட்டார்கள். "மேடம், நீங்க போய்ட்டா நாங்க யாரத் திட்டுறது?" என்றார் அந்த அண்ணன். இப்படியொரு வெள்ளிக்கிழமை எனக்கு அமைந்ததே இல்லை.

அப்போது மேனேஜர் ராகவன் சார் கூப்பிட்டார்.

"செல்வி, எச்.ஆர். பேசினாங்களா? எனக்கு வந்த லிஸ்ட்ல உங்க பேரே இல்லியே."

"இல்ல சார். தள்ளி வைக்க மறந்துட்டேன். அதுவா போயிருச்சு."

அவர் சிரித்தார். "என்னோடதும் அஞ்சு மணிக்குத்தாங்க இருந்துச்சு. நாலரைக்குத்தான் தள்ளி வச்சேன். ஒண்ணும் பிரச்சனை இல்ல. தப்பா போயிருச்சுன்னு ரெண்டு வரி போட்டுடுங்க. உங்களுக்கு இந்த வாரம் பயமில்ல."

நன்றி சொல்லி வைத்தேன். போனிலேயே இரண்டு வரி அடித்தேன். முந்தைய மெயில் தவறுதலாகப் போய்விட்டது, நான் தொடர்ந்து வேலையில் இருக்கிறேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. விரல் போகவில்லை.

பக்கத்தில் இருந்த சேகர், "என்ன, இன்னும் அனுப்பலியா?" என்றார்.

"பேரு இல்லைன்னு சொல்றாருங்க. எனக்குச் சந்தோசமே வரல. பரீச்சையத் தள்ளி வச்ச மாதிரி இருக்கு."

"அதான் பாத்தனே. மெயில் போயிருச்சுன்னதும் ரெண்டு லட்டு தின்ன. அவரு போன் வந்ததும் மூணாவதப் பாதியில வச்சுட்ட. வெள்ளிக்கெழம சாயங்காலத்துல நீ ஒரு வாய் தின்னு எத்தன மாசமாச்சு?"

"நானா விட்டா அந்தப் பணம் வராதுங்க. ஒங்க பிளான்ட்டும் படுத்துக்கிட்டா?"

"படுத்தா எந்திரிக்கும். இதுவரைக்கும் எந்திரிக்கலியா? இவங்க ஒனக்குப் பணம் குடுத்து அனுப்புவாங்கன்னு எம்புட்டு நாளைக்குப் பட்டினி கெடப்ப?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடித்த இரண்டு வரியை அழித்தேன். ராகவன் சாரைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"சார், அந்த மெயில் தப்பா போகல."

"தவறிப் போயிருச்சுன்னு இப்பதானே சொன்னீங்க?"

"நேரந்தான் சார் தப்பு. விஷயம் சரிதான்."

வைத்துவிட்டு மிச்சப் பாதி லட்டை எடுத்துத் தின்றேன்.

இதைப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு

ஆட்குறைப்பு நடக்கும்போது விடுவதா, இருப்பதா என்று என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. எல்லோருக்கும் ஒரே பதில் என்னிடம் இல்லை. ஜானகி காத்திருந்தாள். 'உன் பெயர் இல்லை' என்று ஒவ்வொரு வாரமும் கேட்டபோது அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம் வந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறாள், இப்போது லீடாக. அவளுக்கு அது சரி. லிஸ்டில் பெயர் வருமா வராதா என்பது நம் கையில் இல்லை. வராது என்று தெரிந்த அந்த நிமிஷம் வயிறு குளிர்கிறதா, சோர்ந்து போகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். எனக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது.

கடைசி நாளில், நோட்டீஸ் பீரியட் முடிந்ததும் முறைப்படி ஒரு விடைபெறும் மெயில் போட வேண்டியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை மெயிலை அப்படியே கீழே வைத்து, மேலே ஆபீசில் வழக்கமாக எழுதுகிற அதே வரியைத்தான் எழுதினேன்: 'கீழே உள்ள மெயிலைப் பார்க்கவும்.'

இப்போது புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அறந்தாங்கி பஸ்ஸுக்கு நிற்கிறேன். வெள்ளிக்கிழமை, மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. நல்ல பசி.